உலையும் பங்கும்

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) மணப்பாட்டுக் கத்தோலிக்க மீனவரின் கதை. வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் மூண்ட பகையை நேர்மையாகச் சொல்கிறது. யாரையும் வெறுக்க விடாத அன்பே அதன் பெருமை; பழவேற்காட்டிலிருந்து வாசிப்போர்க்கு அதுவே அதன் எல்லையாகவும் தோன்றும்.

இங்கே ஏரியில் 'பாடு' எனும் பழைய ஒழுங்கு உண்டு. இறால் பிடிக்கும் இடங்களைத் தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும். பலர் வீட்டு உலையை அது காத்தது, மெய்தான். ஆனால் பறியைப் பல்லால் கவ்வி, சேற்று நீரில் கையால் இறால் தடவும் இருளர் பெண்ணுக்கு அதில் இடமில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலோ, பாடு உள்ளவர் அடுப்பும் அணைகிறது. அவளுடையது அதற்கு முன்பே அணைந்திருக்கும்.

இந்தப் பசிக்கு இயந்திரம் மட்டும் காரணமன்று. யாருக்குப் பங்கு என்பதும் கேள்வி. (நம் ஆலய எல்லைக்கும் 'பங்கு' என்றே பெயர்.) அக்கேள்வியை நாவல் எழுப்பவில்லை.