கருப்பு யாருடைய சாமி?

இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' மர்ம நாவல் 1997இல் 'விடாது கருப்பு' என்று சன் டிவியில் தொடரானது, இயக்கம் நாகா. கொல்வது சாமியா மனுசனா என்று கடைசிவரை இழுத்துப் பிடிக்கும் எழுத்து. அதில் குறையில்லை. குதிரைச் சத்தம் கேட்டா காரைக்கால்ல எங்க சேரிப் பிள்ளைங்களும் நடுங்கினாங்க.

ஆனா கருப்பு யாரு? ஊர் எல்லையில நின்னு, பறைச்சத்தத்துக்கு இறங்கி ஆடி, சாராயமும் சுருட்டும் கேட்கிற எங்க சாமி. கதையோ வசதியான வீடுகளையே சுத்துது. பட்டணத்திலிருந்து படிச்சவங்க வந்து ஆராய்றாங்க. பறையடிச்சவன் மனசுல நிக்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசலை. எங்களைத் திண்ணை தாண்ட விடாதவங்க, எங்க சாமியை மட்டும் டிவி வழியா நடுவீட்டில் உட்காரவச்சு ரசிச்சாங்க. அந்தக் குதிரை ஒரு ராத்திரி சேரிச் சந்துக்குள்ள வந்திருந்தா, அப்புறம் யார் வீட்டு வாசல்ல போய் நின்னிருக்கும்?