அர்வரி: நாம் பாதியில் நிறுத்திவிட்ட கதை

அர்வரி ஆற்றைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரை, யூட்யூப் வீடியோ, வாட்ஸப் ஃபார்வர்டு எதை எடுத்தாலும் கதை ஒண்ணுதான். ராஜஸ்தானில் அல்வர் மாவட்டம், ஆரவல்லி மலையடிவாரம், வறண்ட பூமி. 1985-ல் ராஜேந்திர சிங் நண்பர்களோடு வந்து இறங்குகிறார். வைத்தியம் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்று வந்தவரிடம், முதலில் தண்ணிக்கு வழி பண்ணச் சொல்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். ஜோஹட் வெட்டுகிறார்கள். பத்து வருஷத்தில் செத்த ஆறு ஓடுகிறது. 2001-ல் மகசேசே விருது, 2015-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது. சுபம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த இடத்தில் 'சுபம்' போடுவதுதான் என் பிரச்சினை. மூணு வருஷத்துக்கு முன்னால் எங்க ஊர்க் கண்மாயைத் தூர்வாரக் காசு சேர்த்தபோது, இதே கதையை இதே இடத்தில் நிறுத்தி நாலைந்து குழுக்களில் நானும் எழுதினேன். அது எங்கே போய் முடிந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஜோஹட். மலைச்சரிவில் ஓடிவரும் மழைத்தண்ணியை மறிக்கும், பிறை வடிவ மண்கரை. நம்ம கண்மாய் மாதிரி மடை திறந்து பாய்ச்சுவது அதன் முக்கிய வேலை இல்லை. தண்ணி தரைக்குள் இறங்கவேண்டும், கீழே இருக்கிற கிணறுகள் ஊறவேண்டும். பாவ்ன்தா-கோல்யாலா கிராமத்தில் 1980-களின் பிற்பாதியில் வேலை ஆரம்பித்தபோது ஆற்றை மீட்பது யாருடைய திட்டமும் இல்லை. கிணறு ஊறினால் போதும் என்றுதான் வெட்டினார்கள். ஒவ்வொரு ஊராகப் பார்த்து, தாங்களும் வெட்டினார்கள். கிணறுகள் நிரம்பி, நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப்படுகை வரை ஏறின பிறகு, 1990-களின் நடுவில் ஆறு தானாக ஓட ஆரம்பித்தது. எந்த இடத்தில் கரை போட்டால் தண்ணி நிற்கும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். செலவில் ஒரு பங்கு அவர்களுடைய உழைப்பு. வெளியாள் வந்து கட்டிக்கொடுத்துவிட்டுப் போன வேலை இல்லை இது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதற்கப்புறம்தான் வருகிறது. நம்ம ஆட்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆறு ஓடினதும் மீன் வந்தது. மீன் வந்ததும் அரசாங்கம் வந்தது! 1996-ல் ஹமீர்பூர் பக்கம் மீன்பிடிக் குத்தகை விட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடி அதை நிறுத்தினார்கள். அப்போதுதான் 'இந்த ஆறு யாருடையது?' என்ற கேள்வி முளைத்தது. 1999-ல் கரையோரம் சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து 'அர்வரி நாடாளுமன்றம்' என்று ஒன்றை அமைத்தன. சட்டப்படி அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் கூடி விதி போட்டார்கள். கரும்பு, நெல் மாதிரி தண்ணி குடிக்கிற பயிர் வேண்டாம், இஷ்டத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது, இப்படி.

ஜோஹட் தண்ணியைச் சேர்த்தது. சேர்ந்த தண்ணியை யார் எவ்வளவு எடுக்கலாம் என்பது வேற வேலை. தண்ணி ஏறினால் மோட்டார் வரும், மோட்டார் வந்தால் கரும்பு வரும், பத்து வருஷத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம். அதனால், நாம் போட்டோ போடவேண்டியது குளத்தை இல்லை, அந்தக் கூட்டத்தை. (கூட்டத்தின் போட்டோவுக்கு லைக் விழாது, அது எனக்கும் தெரியும்.)

இன்னொரு விடுபட்ட பக்கமும் இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. க்ளென்டனிங், வெர்வூர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அர்வரி வடிநிலத்தில் அளவெடுத்து 2010, 2011-ல் இரண்டு பகுதிகளாகக் கட்டுரை வெளியிட்டார்கள். கள அளவீட்டின்படி, பெய்த மழையில் ஏறக்குறைய ஏழு சதவீதம் இந்தக் கட்டமைப்புகள் வழியாக நிலத்தடிக்குப் போகிறது. இது நல்ல சேதி. ஆனால் மொத்த வடிநிலத்தையும் மாடலாகப் போட்டுப் பார்த்தபோது ஒரு எல்லை தெரிந்தது. அதற்குமேல் கட்டிக்கொண்டே போனால் நிலத்தடி நீருக்குக் கூடுதல் லாபம் இல்லை, ஆற்றில் ஓடுகிற தண்ணிதான் குறைகிறது. களத் தரவு இரண்டு பருவமழைக்கானது என்பதால் மாடலின் எண்களை நான் வேதவாக்காக எடுக்கமாட்டேன். ஆனால் தர்க்கம் எளிது. மேலே நிறுத்தின தண்ணி கீழே போகாது.

கீழே இருப்பவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? அதே அல்வரில், ரூபாரேல் ஆற்றுப் பகுதியில் லாவா கா பாஸ் என்ற ஊரில் கட்டின அணையை 2001-ல் அரசு சட்டவிரோதம் என்றது. காட்டின ஆதாரம், அல்வர், பரத்பூர் சமஸ்தானங்கள் 1910-ல் போட்ட தண்ணீர் ஒப்பந்தம். மக்கள் பக்கம் நின்று எழுதியவர்கள் அதைக் கேலி செய்தார்கள். ஒரு சின்ன ஊர் அணைக்கு எதிராக மன்னர் காலத்துக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் காகிதத்துக்குள் இருந்த கேள்வி நியாயமானது: மேட்டில் இருப்பவர் கட்டுவதற்கு முன்னால் பள்ளத்தில் இருப்பவரைக் கேட்டாரா?

எங்க ஊர் கதைக்கு வருகிறேன். சிவகங்கைப் பக்கம். எங்கள் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி. நாங்கள் தூர்வாரினதோடு நிற்கவில்லை. கையில் காசு மிச்சம் இருந்ததால் கலுங்கின் மேல் ஒரு அடிக்குக் கான்கிரீட்டும் போட்டோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை, எங்களுக்கே தோன்றின யோசனை. வாட்ஸப்பில் கைதட்டல் எமோஜி குவிந்தது. அந்த வருஷம் எங்கள் கண்மாய் தளும்பியது, மறுகால் மட்டும் போகவே இல்லை.

தை மாசம் பஸ் ஸ்டாப்பில் அடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். கோபப்படவில்லை.

"கம்மாய நல்லாத்தான் வெட்டிருக்கீக தம்பி. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்களும் மம்பட்டியோட வந்திருப்போம்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள் லிஸ்ட் எக்ஸெல்லில் இருந்தது, தூர்வாரின கன மீட்டர் கணக்கு இருந்தது. அந்த ஊர்ப் பெயர் மட்டும் எந்த ஷீட்டிலும் இல்லை.

போன மாசம் இரண்டு ஊரும் அய்யனார் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசினோம். கான்கிரீட்டை உடைக்கணும் என்று நான் சொன்னேன். எங்க ஊரில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை. காசு போட்டவர்களைக் கேட்கணும் என்றார்கள். இந்தப் பதிவைப் படிப்பவர்களில் அப்போது காசு போட்டவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். ஐப்பசிக்கு முன்னால் முடிவு பண்ணவேண்டும், கமெண்ட்டில் சொல்லுங்கள்.