தோட்டப் பள்ளியும் புதுக் கருவியும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. தமிழாசிரியர்கள் புதிய கற்றல் கருவிகளைக் கையாள்வதில் பின்தங்கி நிற்கின்றனர் என்று கூட்டந்தோறும் பேசுவோர் இப்பழமொழியை மனத்திற் கொண்டே பேசுகின்றனர். ஆசிரியர் ஒரு குறையை எடுத்துரைத்தால், அஃது ஆடத் தெரியாமையை மறைக்கும் சாக்கு என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும் கூடம் மெய்யாகவே கோணலாய் இருப்பதும் உண்டு. அவ்வாறாயின் ஆடுபவளை மட்டும் பழித்துப் பயன் என்ன? கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி, பாலிங் எனக் கெடா மாநிலத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பரவிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளிகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வது தகும்.

புதுமையை ஏற்பதில் முந்துவோர், பிந்துவோர் என மாந்தரை வகைப்படுத்திய அமெரிக்க அறிஞர் எவரெட் ரோஜர்ஸின் நூல் 1962இல் வெளிவந்தது. அவ்வகைப்பாட்டை மேடைகளில் எடுத்தாள்வோர் பலர். அதே அறிஞர் பின்னைய பதிப்புகளில் விடுத்த எச்சரிக்கையை எடுத்துக் கூறுவோர் சிலரே. புதுமை எதுவாயினும் நல்லதே என்று கொள்வது ஒரு சாய்வு. அது பரவாதபோது அமைப்பின் குறையைக் காணாது தனிமனிதர்மேல் பழி சுமத்துவது மற்றொரு சாய்வு என்று அவர் சுட்டினார். தமிழாசிரியரைப் பற்றிய பேச்சில் இவ்விரண்டு சாய்வும் ஒருங்கே காணப்படுகின்றன.

ஒரு நிறுவனம் மாற்றத்திற்கு ஆயத்தமாய் இருத்தல் என்பது யாது? மருத்துவ நிறுவனங்களை முன்னிட்டு இதனை ஆராய்ந்த பிரையன் வைனர், 2009இல் எழுதிய கட்டுரையில் இரு கூறுகளைக் காட்டினார். இம்மாற்றத்தைச் செய்தே தீர வேண்டும் என்ற பொது உறுதி ஒன்று. இது நம்மால் இயலும் என்ற பொது நம்பிக்கை மற்றொன்று. இவை தனி ஒருவரின் குணங்கள் அல்ல. கூடிப் பணிபுரிவோர் அனைவருக்கும் உரியவை. அந்நம்பிக்கை எதனால் அமையும்? வேலையின் அளவையும், கைவசமுள்ள வளத்தையும், சூழ்நிலையையும் எடை போட்டுப் பார்ப்பதால் அமையும் என்பது அவர் முடிபு.

தமிழாசிரியர்க்கு இக்கருத்துப் புதிதன்று. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் மன்னனை நோக்கி இதனையே கூறுகிறது. செய்யப்புகும் செயல், செய்வோன், எதிர்ப்போன், துணை நிற்போன் ஆகிய நான்கின் வலிமையையும் நிறுத்துப் பார்த்த பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. அந்நான்கினையும் உரைகல்லாகக் கொண்டு பள்ளிகளுக்கு வந்த திட்டங்களை உரைத்துப் பார்க்கலாம்.

வினையின் வலி

மலேசியப் பள்ளிகளுக்குக் கருவி வந்த வரலாறு நீண்டது. 1966இல் கல்வி வானொலி தொடங்கிற்று. 1972 ஜூனில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 1997இல் விவேகப் பள்ளித் திட்டம் வரையப்பெற்று, 1999 முதல் 2002 வரை 80க்கு மேற்பட்ட பள்ளிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளிலும் நுழைந்தது. அதனுடன் மடிக்கணினியும் ஒளிபடக் கருவியும் குறுவட்டுகளும் வந்தன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. எந்த வகுப்பிற்காக அக்குறுவட்டுகள் செய்யப்பட்டனவோ அந்த வகுப்பே படிப்படியாக இல்லாமற் போயிற்று.

அடுத்து வந்தது 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் பெருந்திட்டம். அதன் மதிப்பு 400 கோடி வெள்ளிக்கு மேல். இணைய வழிக் கற்றல் தளமொன்றும் அதனுடன் அளிக்கப்பட்டது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோரின் பயன்பாடு மிகவும் குறைவாக இருந்ததை 2013ஆம் ஆண்டிற்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை எடுத்துக் காட்டியது. 2019ஆம் ஆண்டின் நடுவில் அத்திட்டம் முடிவுற்றது. 2020இல் டெலிமா என்னும் புதிய தளம் வந்தது.

1999க்கும் 2020க்கும் இடையில் நான்கு தொடக்கங்கள். 1999இல் பணியில் அமர்ந்த ஆசிரியர் ஒருவர் நான்கு முறை புதிதாய்க் கற்றிருக்க வேண்டும். மூன்று முறை கற்றதைக் கைவிட்டிருக்க வேண்டும். ஐந்தாவது முறை அழைக்கும்போது அவர் சற்றுத் தயங்கினால், அதனைச் சோம்பல் என்பதா, பட்டறிவு என்பதா? அமெரிக்க வகுப்பறைகளில் 1920 முதல் திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் கணினியும் புகுந்த கதையை லாரி கியூபன் 1986இல் ஒரு நூலாக எழுதினார். பெரும் வாக்குறுதி, பின்னர்க் குறைந்த பயன்பாடு, அதன் பின்னர் ஆசிரியர்மேல் பழி. இச்சுழற்சியே அங்கும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததை அவர் காட்டினார். நோய் கெடாவுக்கு மட்டும் உரியதன்று. கருவியை வாங்குவது எளிய வினை. கற்பிக்கும் முறையை மாற்றுவது அரிய வினை. எளியதன் வலியை மட்டும் அளந்துவிட்டு அரியதில் இறங்கியதே முதற் பிழை.

தன் வலி

தோட்டப் பள்ளி எவ்வாறு பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதன் வலிமையை அளக்க இயலாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது; நாளடைவில் அம்முறை மற்ற மாநிலங்களிலும் பரவிற்று. சட்டத்திற்காக எழுந்த அப்பள்ளிகளிற் பல கொட்டகைகளாகவே இருந்தன. கங்காணியும் கிராணியும் எழுத்தறிந்த தொழிலாளியுமே ஆசிரியராய் அமர்ந்த காலமும் இருந்தது. விடுதலைக்குப் பின்னர் அரசாங்கம் ஆசிரியர்க்கு ஊதியம் அளித்தது. ஆயினும் பள்ளி நின்ற நிலம் பெரும்பாலும் தோட்டத்தினுடையதாகவே இருந்தமையால், பல பள்ளிகள் பகுதி உதவி பெறுவனவாகவே நின்றன. பிறர் நிலத்தில் நிற்கும் பள்ளிக்குக் கட்டடமும் கம்பியும் எளிதில் வாரா. தோட்டத்து ஜெனரேட்டர் மாலையிற் சில மணி நேரமே ஓடிய இடங்களில், காலை வகுப்பிற்குக் கல்வித் தொலைக்காட்சி வந்து ஆவது என்ன?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீட்டு மனைகளாயின. தொழிலாளர் சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை சுருங்கிற்று. 30 பேருக்குக் குறைந்த பள்ளிகளில் இரு வகுப்புகளை ஒன்றாக்கி ஒரே ஆசிரியர் கற்பிக்கும் முறையும் உண்டு. அங்கே கணினி அறையைக் காப்பவரும், கணக்கு எழுதுபவரும், விளையாட்டுப் பயிற்சி தருபவரும் அதே சிலரே. நகரத்துப் பெரிய பள்ளியை மனத்திற் கொண்டு வரையப்பட்ட திட்டம் இச்சிறு பள்ளியை வந்தடையும்போது பளுவாகவே அமைகின்றது.

எனினும் பள்ளிகளின் பங்கை மறைப்பதும் நேர்மையாகாது. பழுதாகிவிடும் என்ற அச்சத்தால் கணினி அறையைப் பூட்டி வைத்தல், மேலதிகாரி வரும் நாளில் மட்டும் கருவியைத் துடைத்து வைத்தல், ஒரே ஒரு இளைய ஆசிரியரிடம் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு அவர் மாற்றலாகிச் சென்றதும் கைபிசைந்து நிற்றல் ஆகிய வழக்கங்கள் அறியப்படாதன அல்ல. இவை அறிவின்மையால் விளைந்தவை அல்ல. கூடிச் செய்யும் பழக்கம் இன்மையால் விளைந்தவை. வைனர் கூறிய பொது உறுதி இல்லாத இடத்தில் ஒருவரின் ஆர்வம் அவருடனேயே போய்விடும்.

மாற்றான் வலி

இங்கே எதிர்நின்றது எது? கருவிக்குள் தமிழுக்கு இடமில்லை என்ற நிலைமையே பெரிய எதிரி. விவேகப் பள்ளிகளுக்கென உருவான பாட மென்பொருள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே அமைந்தது. தமிழ் அவற்றுள் ஒன்றன்று. மற்றொரு புறம், ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைப் பின்பற்றிய காலத்தில், ஒரு பள்ளியில் தட்டிய வினாத்தாள் அடுத்த பள்ளிக் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. இத்தொல்லையைப் பட்ட ஆசிரியரிடம் கணினி மீது பற்று இல்லை என்பது நியாயமா?

இவ்வெதிரியை வென்ற பெருமையிலும் மலேசியத் தமிழர்க்குப் பங்கு உண்டு. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் பொது விசைப்பலகை வகுக்கப்பட்டது; 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று; மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் கைப்பேசியில் தமிழை ஏற்றியது. ஒருங்குறி பரவிய பின்னர் எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் எழுத்து ஏறிவிட்டால் பாடமும் ஏறிவிட்டது என்பதன்று. தமிழ் வழி அறிவியலும் கணிதமும் கற்கும் பிள்ளைக்குத் தரமான தமிழ்ப் பாடம் கருவிக்குள் இருத்தல் வேண்டும். இல்லையேல் பிள்ளை கருவியைத் திறக்குந்தோறும், தன் மொழி அறிவுக்கு உரியதன்று என்ற பாடத்தையே முதலிற் கற்கும். தமிழ்ப்பள்ளியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது.

துணையின் வலி

கெடாத் தோட்டத் தொழிலாளர் புதுமைக்கு அஞ்சியவர் என்று கூறுவோர் புக்கிட் சிடிம் தோட்டத்தை நினைவுகூர வேண்டும். ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்ற வேளையில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது என்பது அந்நாளில் கேட்டறியாத புதுமை. 1961இல் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். தோட்டந்தோறும் சென்று விளக்கியமையால் தொழிலாளர் வேலையின் அளவை அறிந்தனர். தவணை முறையில் பங்கு செலுத்தியமையால் தம்மால் இயலும் என்று நம்பினர். இடர் தம்முடையது ஆகையால் உறுதி கொண்டனர். ஆயத்தம் மேலிருந்து வழங்கப்படவில்லை, கூட்டாக உண்டாக்கப்பட்டது.

2020 மார்ச் 18இல் நாடு அடைபட்டபோது வேறொரு சோதனை வந்தது. மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்வகை மின்னணுக் கருவியும் இல்லை என்று கல்வி அமைச்சின் ஆய்வு கண்டது. அரசு சார் நிறுவனங்களின் நன்கொடையால் 1,50,000 மடிக்கணினிகள் வழங்கும் திட்டம் பின்னரே வந்தது. இடைக்காலத்தில் வகுப்பை நடத்தியது, மலேசியத் தமிழர் புலனம் என்றழைக்கும் வாட்ஸ்அப் செயலியே. தந்தையின் கைப்பேசி வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு இரவில் வீட்டுப்பாடம் அனுப்பிய பிள்ளைகளும், அதுவரை விழித்திருந்து திருத்திய ஆசிரியர்களும் உண்டு. எவரும் கட்டளையிட்டு அதனைக் கொணரவில்லை. பெற்றோர், பிள்ளை, ஆசிரியர் ஆகிய மூவர் கையிலும் அது முன்னரே இருந்தது, அதனால் நிலைத்தது.

2023இல் இலக்கவியல் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டது. செயற்கை நுண்ணறிவும் வாயிலில் நிற்கின்றது. தமிழ்ப்பள்ளி இவற்றுக்குக் கதவடைத்தல் தகாது. அவ்வாறு அடைத்தால், பட்டணத்துப் பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்து வேறு பள்ளிக்கு நடப்பர். ஆனால் திறப்பு விழாவிற்கு நாள் குறிக்குமுன், தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒன்றாய் அமர்ந்து சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். எந்தப் பாடத்தில், எந்த இடர்ப்பாட்டை இது நீக்கும்? எம்மொழியிற் பேசும்? பழுதானால் யார் பார்ப்பர்? கற்றுத் தந்தவர் மாற்றலாகிப் போனால், இரண்டாம் ஆண்டில் யார் கற்பிப்பர்? இவற்றுக்கு விடை கேட்பது புதுமையை எதிர்ப்பதாகாது. திட்டம் வகுப்போரும் இவ்விடைகளைத் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

பால்வெட்டுத் தொழிலை அறிந்த கெடா மக்களுக்கு இது விளங்காததன்று. கை பழகாதவரிடம் இளமரத்தை ஒப்படைப்பார் இல்லை. கத்தி பட்டையைத் தாண்டி ஆழப் பாய்ந்தால், காயம் முடிச்சாகி, பின்னர் வளரும் பட்டையையும் கெடுத்துவிடும். மரத்திற்குக் காட்டிய அக்கறையில் ஒரு பகுதியையேனும் பள்ளிக்குக் காட்டியிருந்தால், பூட்டிய கணினி அறைகள் இத்தனை இருந்திரா.