இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு கோடு

எடை குறைத்தவர்களின் கதை பெரும்பாலும் இரண்டு புகைப்படங்களில் முடிந்துவிடுகிறது. இடது பக்கம் ஒருவர் தொளதொள டீ-ஷர்ட்டில், மங்கிய வெளிச்சத்தில், சிரிக்காமல் நிற்பார். வலது பக்கம் அதே ஆள், இறுக்கமான சட்டை, நல்ல வெளிச்சம், வாய் நிறையச் சிரிப்பு. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கீழே நாள் கணக்கும் கிலோ கணக்கும். அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றியது.

நான் நாலு வருடம் இடது பக்கப் படத்தில் இருந்தவன். அத்தை மகள் கல்யாணத்துக்கு முன்னால் 12 நாள் வெறும் ஜூஸ் குடித்து 5 கிலோ குறைத்தேன். பந்தியில் பெரியம்மா கன்னத்தைப் பிடித்து, "ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்ட, சுகர் கிகர் இருக்கான்னு செக் பண்ணியா?" என்று கேட்டார். இரண்டே மாதத்தில் அந்த 5 கிலோ 7 கிலோவாகத் திரும்பி வந்தது. பொங்கலுக்குப் போனபோது அதே பெரியம்மா, "என்னடா, வெயிட் போட்டுட்ட போல" என்றார்.

பிறகு ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தது. மருத்துவர் சொன்னது மிகச் சாதாரணமான விஷயம். "மெதுவா குறைங்க. சோத்த கொஞ்சம் கம்மி பண்ணி காய், பருப்ப கூட்டுங்க. டெய்லி நடங்க. நேரத்துக்குத் தூங்குங்க." எழுந்து வெளியே வரும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதில் கதையே இல்லையே! அந்த ஏமாற்றம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில்தான் வில்லியம் பான்டிங் கிடைத்தார்.

பான்டிங் லண்டன்காரர். இறுதிச்சடங்குகளை ஏற்பாடு செய்யும் தொழில். அரச குடும்பத்துச் சடங்குகளையே அவர்களுடைய குடும்ப நிறுவனம்தான் நடத்தியது. 1863-இல், அறுபதைத் தாண்டிய வயதில், பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் எழுதி, தன் செலவில் அச்சடித்து, முதல் பதிப்பை இலவசமாகக் கொடுத்தார். டயட் புத்தகம் என்று இன்று நாம் சொல்லும் வகைக்குக் கிட்டத்தட்ட இதுதான் மூதாதை. அவர் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவே ஆனது. ஸ்வீடிஷ் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றும் 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தச் சின்னப் புத்தகத்தை இலக்கியமாக வாசிக்கலாமா? முதல் பாதியை வாசிக்கலாம் என்றுதான் சொல்வேன். குனிந்து தன் ஷூ கயிற்றைக் கட்ட முடியவில்லை என்கிறார். முழங்காலில் பாரம் விழாமலிருக்க மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன் என்கிறார். பொது இடங்களிலும் வண்டிகளிலும் ஆட்கள் அடிக்கும் கமெண்டுக்குப் பயந்து அங்கெல்லாம் போவதையே தவிர்த்தேன் என்கிறார். 160 வருடம் கழித்து ஷேர் ஆட்டோவில் "தம்பி, நீங்க கடைசில ஏறுங்க" என்று கேட்டுப் பழகிய எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

அவர் செய்யாத முயற்சி இல்லை. உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்று காலையில் படகு வலித்தார். உடம்பில் தெம்பு ஏறியது, கூடவே பசியும் ஏறியது, எடையும் ஏறியது. துருக்கிக் குளியல் எடுத்துப் பார்த்தார். கடைசியில் காது மந்தமாகிறது என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போக, அவர்தான் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

எனக்கு அந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்தது ஓர் அட்டவணை. 1862 ஆகஸ்டில் 202 பவுண்டில் தொடங்குகிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் குறைந்தது 2 பவுண்டு. அதற்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 3, 4, 3, 2 என்று போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 156-இல் நிற்கிறது. மொத்தம் 46 பவுண்டு, அதாவது 21 கிலோ. வாரக் கணக்கில் பார்த்தால் 400 கிராமுக்கும் சற்றுக் குறைவு. வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும் என்று இன்றைய மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதைவிடவும் நிதானமானது. எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாத அந்த எண்களில்தான் வெள்ளைக் கோட்டுக்குள் இருக்கும் வாழ்க்கை முதல்முறையாக அச்சில் வருகிறது.

ஆனால் பான்டிங் அந்த அட்டவணையின் மதிப்பை உணரவில்லை. குதிரைக்குப் பயறு ஆகாது என்ற உவமையை எடுத்து, தான் விலக்கிய உணவுகளுக்கு 'மனிதப் பயறு' என்று பெயர் வைத்துவிடுகிறார். அதோடு எழுத்து மாறிவிடுகிறது. மாடிப்படியில் தடுமாறிய மனிதர் காணாமல் போய், உபதேசி ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இதைத் தொடாதே, அதைச் சாப்பிடாதே. பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பட்டியலைத்தான். இன்று கீட்டோ, பேலியோ என்று பெயர் மாறி மாறி வருவதிலும் ஓர் எதிரி உணவு, ஒரு ஞானோதயம், ஒரு வெற்றி என்ற அதே கதையமைப்பு இருக்கிறது. மெதுவாகக் குறைந்த மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை? இதற்கு காஃப்காவிடம் ஒரு பதில் இருக்கிறது. 1922-இல் வெளிவந்த பட்டினிக் கலைஞன் கதையில், கூண்டுக்குள் உண்ணாமல் கிடப்பதே ஒருவனுக்குத் தொழில். அவனால் இன்னும் எத்தனையோ நாள் இருக்க முடியும். ஆனால் மேலாளர் 40 நாளில் நிறுத்திவிடுகிறார். காரணம் அவன் உடல்நலம் அல்ல. ஓர் ஊரின் ஆர்வம் 40 நாள்தான் தாங்கும், அதற்குமேல் கூட்டம் வராது. பிற்பாடு சர்க்கஸில் அவன் கூண்டுக்கு முன்னால் நாள் கணக்கு எழுதிய பலகை இருக்கிறது. ஒரு கட்டத்தில் அதை மாற்ற ஆளில்லை. எத்தனை நாள் என்று அவனுக்கே தெரியாது.

30 நாள் சேலஞ்ச், 90 நாள் சேலஞ்ச் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேலாளர் ஞாபகம்தான் வருகிறது. அந்த நாள் கணக்கு உடலுக்கு வைத்த கெடு இல்லை, பார்க்கிறவனின் பொறுமைக்கு வைத்த கெடு.

கூட்டத்துக்காக உடலை வேகமாக இளைக்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் 'தி பிக்கெஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டியில் 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. சராசரியாக 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிடக் கொடுமை, சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. நிகழ்ச்சி முடிந்து ஆறு வருடமாகியும் உடல் பஞ்சகாலக் கணக்கிலேயே செலவு செய்துகொண்டிருந்தது.

அப்படியென்றால் மெதுவாகக் குறைப்பவர்களுக்கு வெற்றி நிச்சயம் என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் அது பொய்யாகிவிடும். 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், சுமார் 200 பேரில் ஒரு பாதி 12 வாரத்தில் வேகமாகவும் இன்னொரு பாதி 36 வாரத்தில் மெதுவாகவும் எடை குறைத்தார்கள். குறைத்தவர்களை மூன்று ஆண்டுவரை கவனித்தபோது, இரண்டு குழுவிலுமே இழந்ததில் ஏறக்குறைய 70 சதவீதம் திரும்பிவிட்டிருந்தது. வேகத்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் படித்த அன்று மனசு உடைந்துதான் போனது. 14 மாதத்தில் 8 கிலோ குறைத்துவிட்டு, நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. யோசிக்க யோசிக்கத்தான் ஒன்று புரிந்தது. 12 வாரம், 36 வாரம் இரண்டுக்குமே ஒரு கடைசி நாள் இருக்கிறது. 'மெதுவா' என்று மருத்துவர் சொன்னதை நான் வேகம் என்று புரிந்துகொண்டிருந்தேன். உண்மையில் அவர் சொன்னது, கடைசி நாள் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாதே என்பதை. கதைக்கு முடிவு வேண்டும், உடம்புக்கு நாளைக் காலையில் மறுபடி பசிக்கும். எடை குறைப்பு எழுத்துகளின் அடிப்படைக் கோளாறு இதுதான். முடிவே இல்லாத ஒன்றை முடிவுள்ள கதையாகச் சொல்கிறார்கள். வாசித்தவர் வலது பக்கப் படத்துக்கு வந்து சேர்ந்ததும், அவ்வளவுதான் என்று பழைய தட்டுக்குத் திரும்பிவிடுகிறார். திரும்பியதும் தன்னையே தோற்றவன் என்று நினைத்துக்கொள்கிறார். தோற்றது கதைதான்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மொழியில் இளைத்தல் என்பது நல்ல சொல் இல்லை. இளைப்பு என்றால் களைப்பு. இளைத்தவன் என்றால் எளியவன், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. சங்கக் கவிதையிலிருந்து குறளின் காமத்துப்பால் வரை தோள் மெலிந்து வளை கழல்வது பிரிவின் நோய். என் பெரியம்மா ஆரோக்கியத்துக்கு எதிரானவர் அல்ல. அவர் 2000 வருடத்து இலக்கண சுத்தத்தோடுதான் "இளைச்சுப் போயிட்ட" என்று பதறினார். 'எடை குறைப்பு' என்ற நம் சொல்லோ நேற்று செய்த மொழிபெயர்ப்பு. தானாக, நலமாக, நிதானமாக உடல் லேசாவதற்கு நம்மிடம் ஒரு நல்ல வினைச்சொல் இருப்பதாகத் தெரியவில்லை. சொல் இல்லாத இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் ஓர் இலக்கண மாதிரி இருக்கிறது. குறளில் 'மருந்து' என்ற அதிகாரம். உணவைப் பற்றி அவ்வளவு பேசும் அந்த அதிகாரத்தில் ஓர் உணவின் பெயர்கூடக் கிடையாது. பான்டிங்கின் பயறு மாதிரி எதிரியும் இல்லை, அமுதமும் இல்லை. முன்பு உண்டது செரித்ததா, இப்போது உண்மையிலேயே பசிக்கிறதா, அளவு என்ன, உடலோடு முரண்படுகிறதா என்று கவனிக்கச் சொல்வதோடு சரி. வள்ளுவர் டயட் சொன்னார் என்று போஸ்டர் ஒட்ட இதைச் சொல்லவில்லை. அதில் எடை என்ற பேச்சே இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் காலக்கணக்கு. 30 நாள், 90 நாள் என்ற கெடு அதில் கிடையாது. ஒவ்வொரு வேளையும் கேள்வியைப் புதிதாகக் கேட்கவேண்டும்.

இப்போது என் தட்டில் சோறு பாதி, மீதி பொரியலும் பருப்பும் முட்டையும். வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறேன், மழை பெய்தால் நடப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டேன். சில மாதம் எடை அசையவே இல்லை, ஒரு மாதம் ஒன்றரை கிலோ கூடியது. இதை யாராவது படமாகப் போட்டால் ஒரு லைக்கும் விழாது.

போன வாரம் ஒரு வீட்டு விசேஷத்தில் பெரியம்மாவைப் பார்த்தேன். மேலும் கீழும் பார்த்தார். இளைத்தேன் என்றும் சொல்லவில்லை, வெயிட் போட்டேன் என்றும் சொல்லவில்லை. "சாப்டியாடா?" என்றார். "இல்ல பெரியம்மா, பசிக்குது" என்றேன். இலை போட்டார்கள்.