இரு கல்லறைகளும் நமது சாட்சியும்

எருசலேமுக்குத் திருப்பயணம் சென்று திரும்பும் சீர்திருத்தச் சபையார் பலர், பரிசுத்த கல்லறை ஆலயத்தைக் காட்டிலும், மதிலுக்கு வடக்கேயுள்ள கல்லறைத் தோட்டத்தையே கர்த்தரின் கல்லறையாகப் போற்றுகின்றனர். தோட்டத்தில் மரநிழலும் அமைதியும் உண்டு. ஆலயத்திலோ தூபப் புகையும் நெரிசலும், பல சபைகளின் உரிமைப் பூசலும் உண்டு. இவ்விருப்பம் ஆராய்ச்சியில் நிலைநிற்குமா என நாம் வினவுதல் தகும்.

தோட்டத்தின் புகழ், 1883-ஆம் ஆண்டில் எருசலேமில் தங்கிய ஜெனரல் கார்டனால் பரவிற்று. அருகிலுள்ள குன்று மண்டையோட்டை ஒத்திருப்பது அவர் மனத்தைக் கவர்ந்தது. எனினும் 1986-இல் தொல்லியலாளர் காபிரியேல் பார்க்காய், இக்கல்லறை கி.மு. 8 அல்லது 7-ஆம் நூற்றாண்டில் குடையப்பட்டதென அதன் அமைப்பைக் கொண்டு எடுத்துரைத்தார். நற்செய்தியாளர் கூறுவதோ, அதுவரை ஒருவரும் வைக்கப்படாத புதிய கல்லறை.

ஆலயம் மதிலுக்கு உள்ளே இருப்பதால் அது கொல்கொதாவாக இருத்தல் இயலாது என்பாரும் உளர். அவ்விடத்தை நகரோடு சேர்த்த மதில், சிலுவைப்பாட்டுக்குப் பின்னரே, ஏரோது அகிரிப்பாவின் ஆட்சியில் (41–44) தொடங்கப்பட்டது. ஆலயத்தினுள்ளே யூதரின் பழங்கல்லறைகள் இன்றும் காணப்படுகின்றன. யூதர் நகருக்குள் அடக்கம் செய்யும் வழக்கமுடையவரல்லர்; ஆதலால் அவ்விடம் ஒருகாலத்தில் நகருக்குப் புறம்பே இருந்தது தெளிவு.

இதனால் ஆலயத்தின் உரிமை முற்றும் மெய்ப்பிக்கப்பட்டது என்பதும் மிகையாகும். 2016-இல் கல்லறையின் பளிங்குப் பலகை அகற்றப்பட்டபோது எடுத்த சாந்து, ஏறத்தாழ 345-ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்பட்டது. இது கான்ஸ்டன்டைன் எழுப்பி 335-இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயத்தின் காலத்தோடு பொருந்துகிறது. அதற்கு முற்பட்ட ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு மரபே நமக்குத் துணை. மரபு வலிமையுடையதே, ஆயினும் அது மெய்ப்பிப்பு ஆகாது.

திருப்பண்டங்களைப் பற்றி 1543-இல் நூல் வெளியிட்ட கால்வின், மக்கள் சான்றை ஆராயாமல் அவற்றை ஏற்றதைக் கண்டித்தார். நம் சுவைக்கு இசைந்த இடத்தைத் தெரிந்துகொண்டு, பின்னர் அதற்குச் சான்று தேடுவோமாயின், அக்கண்டனம் நமக்கும் உரியதாகும்.

ஈஸ்டர் நாளில் தோட்டத்தின் படத்தைச் சபையாருக்குக் காட்டும் போதகர், இத்தகைய கல்லறையில் கர்த்தர் வைக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்வதில் பிழையில்லை. இதுவே அவ்விடம் என்று சொல்வதே பிழை. திருமறை அறியும் இளைஞர் நாளை தொல்லியலையும் கற்பர். அன்று அவர்கள் கல்லறையைப் பற்றிய நம் சொல்லை ஐயுறுவாராயின், உயிர்த்தெழுதலைப் பற்றிய நம் சொல்லையும் ஐயுறக்கூடும். அப்போஸ்தலர் கல்லறையின் இருப்பிடத்தையன்று, உயிருள்ள ஆண்டவரைக் கண்டதையே அறிவித்தனர். நமது பிரசங்கமும் அதிலேயே ஊன்றி நிற்பதாக.