எந்தத் தோட்டம்?

லெம்பா பெர்த்தாமில் பாட்டியின் வாடகை வீட்டில் உட்கார்ந்து பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) நாவலையும், அதன் தமிழாக்கமான இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு' நூலையும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனைமலைத் தேயிலைக்குப் போய்ச் சேரும் கருப்பன், வள்ளியின் கதை.

"என்னாடா படிக்கிற?"

"தேயிலைத் தோட்டத்துக் கதை பாட்டி."

"எந்தத் தோட்டம்?" என்றார் உடனே.

மலேசியாவில் இந்தக் கேள்விக்கு, நீ யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் அர்த்தம்.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் உண்டு. அஸ்ஸாம் தேயிலைக்கு 'கார்டன்' என்பார்கள். கேட்டால் பூந்தோட்டம் நினைவுக்கு வரும், உழைப்பு தெரியாது. 'பிளாண்டேஷன்' என்றால் நடுவது. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அல்ஸ்டரில் ஆட்களைக் குடியேற்றியதற்கும் இதே சொல்தான். செடியோடு ஆளையும் நட்ட சொல். 'எஸ்டேட்' என்றால் சொத்து; இறந்தவர் விட்டுப்போகும் உடைமைக்கும் அதே பெயர். அந்தச் சொல்லுக்குள் எப்போதும் ஒரு முதலாளி இருக்கிறார்.

தமிழில் மூன்றுமே தோட்டம்தான். அதனால்தான் ஆங்கிலத்தில் 'எஸ்டேட்' என்னை வேலிக்கு வெளியே நிறுத்தியது. தமிழில் 'தோட்டம்' வந்தபோதெல்லாம் மனம் ஒரு நொடி ஊருக்குப் போய்வந்தது. கொடுமை நடக்கும் பக்கத்திலும்கூட. இதை மொழிபெயர்ப்பாளரின் குறையாக நான் சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் இல்லாத நான்காவது அர்த்தத்தை, 'ஊர்' என்பதை, நம் ஆட்களே அந்தச் சொல்லில் ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

என் புகார் நம் தோட்டப்புறக் கதைகள் மீதுதான். லயத்து வீடு, மாரியம்மன் கோயில், தீமிதி, 'எங்க தோட்டம்' என்ற ஏக்கம். படித்தால் கண் கலங்கும். ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வி கதைக்குள் வருவதேயில்லை. என் கதைகளிலும் வந்ததில்லை.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். தாத்தா வேலையிலிருந்து நின்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளை நினைத்துக்கொண்டார்.

"நாப்பது வருசம் எங்க தோட்டம்னுதான் சொன்னோம். சாவியத் திருப்பிக் குடுத்தப்பதான்யா அது எஸ்டேட்டுன்னு தெரிஞ்சிச்சு."

அகராதி பார்க்காமலே பாட்டிக்கு இரண்டு சொற்களுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. எழுதுகிற நமக்கும் தெரிய வேண்டும். நம் கதைகளில் 'தோட்டம்' இருக்கட்டும்; 'எஸ்டேட்'டும் வரட்டும்.