வைரமும் வெளிறும்: செம்மரம் குறித்த சொல்லாடல்

உயர்ரக அறைகலன் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வருகிற சொல் ‘அரிய மரம்’. ரேகை, நிறம், கைபடக் கைபடக் கூடும் மெருகு என்று அந்தப் பேச்சு நீளும். யாருக்கு அரிது, எங்கே நின்று பார்த்தால் அரிதுன்னு மட்டும் அது கேட்காது. செம்மரத்தை வைத்துக்கொண்டு நாம் கேட்டுப் பார்ப்போம்.

சீனத்தில் இதற்கு ‘ஜிதான்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டுச் சிங் அரண்மனைகளின் இருக்கைகளோடும் அலமாரிகளோடும் சேர்ந்த பெயர் அது. சீன அரசு 2000இல் வெளியிட்ட மரத் தர நிர்ணயத்தில் ஜிதான் வகையில் இடம்பெற்றது ஒரே இனம்தான்: நம்முடைய செம்மரம். பெய்ஜிங்கில் 1999இல் இதற்கென ஓர் அருங்காட்சியகமே தொடங்கப்பட்டது. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்தை இதில் செய்கிறார்கள். ஆனால் மரம் இயல்பாக வளர்வதோ பெரும்பாலும் ஆந்திராவின் தென்பகுதியில், சேஷாசலத்திலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டும். பெய்ஜிங் வரவேற்பறையில் அயல்தன்மையால் மதிப்புப் பெறுகிற பொருள், காட்டை ஒட்டி வாழ்கிறவனுக்குத் தொட்டால் வழக்கு வருகிற பொருள். அருமை என்பது மரத்தின் குணம் இல்லை. அதற்கும் வாங்குபவனுக்கும் இடையிலுள்ள தூரத்தின் குணம்.

தொல்காப்பிய மரபியல் உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும், புறத்தே வைரம் கொண்டதைப் புல் என்றும் பிரிக்கிறது. சந்தையும் இப்படித்தான் பிரிக்கிறது. செம்மரத்தில் விலை போவது உள்ளிருக்கும் சிவந்த வைரம். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற கனம் அதற்கு. மேலே இருக்கும் வெளிறுக்கு விலை கிடையாது. எனவே சுமையைக் குறைக்க, வெட்டிய இடத்திலேயே கோடாலியால் வெளிறைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும் தோளில் தூக்கி இறக்குகிறார்கள். இது தேர்ந்த கைவேலை. மேசை செய்கிறவரின் உளி ‘கலை’ ஆகிறது. முதல் செதுக்கலைச் செய்த கோடாலி குற்றத்தின் தடயப் பொருள் ஆகிறது.

அந்தக் கோடாலியைப் பிடித்தவர்களில் பலர் ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைகளிலிருந்து போனவர்கள். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலைகள் இவற்றில் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் தமிழகத்து மலைக்கிராம, அடிவாரக் கிராமக் கூலிகள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பஸ்ஸிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களும் செத்தவர்களில் உண்டு என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சியம் சொன்னார்கள். நம் செய்தித்தாள்களோ ‘கடத்தல்காரர்கள்’ என்றும் ‘தொழிலாளர்கள்’ என்றும் மாற்றி மாற்றி எழுதின. இதில் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

பிடிபட்ட கட்டை என்ன ஆகிறது? ஏ, பி, சி என்று தரம் பிரித்து அரசே ஏலம் விடுகிறது. 2014இல் ஆந்திர அரசு உலக அளவில் மின்னணு ஏலமே நடத்தியது. அதே கட்டைதான், போய்ச்சேரும் சந்தையும் அதேதான். நடுவில் அரசு முத்திரை விழுந்தால் வருவாய், விழாவிட்டால் கடத்தல்.

1842இல் ரைன்லாந்தின் விறகுத் திருட்டுச் சட்டம் குறித்து இளம் மார்க்ஸ் எழுதியதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதும் திருட்டு என்று ஆக்கப்பட்டபோது, காட்டு உடைமையாளரின் நலனே அரசின் நலனாக மாறிவிடுகிறது என்று அவர் காட்டினார். ஆனால் அதை அப்படியே சேஷாசலத்தில் பொருத்துவது சோம்பேறித்தனம். இங்கே நடப்பது சுள்ளி பொறுக்குவது அல்ல. வெட்டப்படுவது உயிருள்ள மரம், வளர்ந்து வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கிற மரம். 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மரம். வெட்டுகிறவனுக்கும் அது சொந்தக் காடு இல்லை. மரபுரிமை என்ற வாதம் அவனுக்குக் கைகொடுக்காது.

அப்படியானால் ‘மரமா, மனிதனா?’ என்று கேட்டுச் சூழலியலாளர்களும் உரிமை இயக்கத்தாரும் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டியதுதானா? இந்த எதிர்மையே பொய்யாகக் கட்டப்பட்டது. மரத்தை வெட்ட வைப்பதும் மனிதனைக் காட்டுக்குள் அனுப்புவதும் ஒரே விலைதான். அந்த விலையைத் தொடாமல் கூலியை மட்டும் சுட்டால் மரமும் பிழைக்காது. அடுத்த வாரம் வேறொரு மலையிலிருந்து வேறொருவன் முன்பணம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவான்.

2021இல் வந்த ‘புஷ்பா’ இந்தக் கூலியைக் கதாநாயகன் ஆக்கியதே என்று சொல்லலாம். ஆக்கியதுதான். ஆனால் எப்படி? அவன் கோடாலியைக் கீழே போட்டுக் கடத்தல் கூட்டத்தின் தலைமைக்கு ஏறுகிறான். வெட்டுகிறவன் நாயகன் ஆக வேண்டுமானால் முதலில் வெட்டுகிறவனாக இருப்பதை நிறுத்தியாக வேண்டும் என்பதே படத்தின் உட்பிரதி. அதில் நடித்தவருக்கு 2023இல் தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது. நாமும் கைதட்டினோம். அந்த 20 பேரில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

அறைகலன் ரசனைக்கு எதிராக நான் பேசவில்லை. நல்ல மரவேலையை ரசிக்கத் தெரியாதவன் மரத்தையும் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் ரசனையின் வரலாறு உளியிலிருந்து தொடங்குவதாக எழுதப்படும்வரை அது பாதி வரலாறுதான். மீதிப் பாதி சேஷாசலத்துச் சரிவில், செதுக்கித் தள்ளிய வெளிறோடு கிடக்கிறது. அதையும் சேர்த்து எழுத வேண்டியது நம் வேலை.